ருசு யார் பொறுப்பு?

கோர்ட்டு வாசலை மிதித்தறியாதவர்களுக்குக்கூட நம் நாட்டில் 'ருசு' என்ற சொல் தெரியும். கடன் கொடுத்தவன், 'வாங்கினதற்கு ருசு இருக்கிறது' என்று திண்ணையிலிருந்து சத்தம் போடுவான். வரப்பை வெட்டினவனைப் பார்த்து, 'உன் வரப்பு என்பதற்கு என்ன ருசு?' என்று பக்கத்து வயல்காரன் கேட்பான். ஒன்றைச் சொல்கிறவன் எவனோ அவனே அதை ருசுப்படுத்த வேண்டும் என்பது வியவகாரத்தின் அரிச்சுவடி. நியாயமான அரிச்சுவடிதான். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அடுத்தவன் கிணற்றைத் தன் கிணறு என்று சொல்லிக்கொண்டு ராட்டினத்தில் கயிற்றைப் போட்டுவிடலாம்.

ஆனால் சில வியவகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் ருசு முழுவதும் எதிராளியின் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிச் சாவியும் அவன் இடுப்பில்தான் தொங்கும். அப்போதும் 'சொன்னவனே ருசுப்படுத்து' என்று சொல்வது நியாயமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்க சர்க்காரும் அதன் சொந்தச் சிப்பாய்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள். அந்தக் கதையைச் சில காலமாகப் படித்து வருகிறேன். தகப்பன், மகன், பழி, பாசம் என்று ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நாவலாக்கினால் நான் சேர்க்கும் சரக்கு அதைக் கெடுத்துவிடும் என்று தோன்றுகிறது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படைக்கு எதிரியைவிடப் பெரிய எதிரியாக இருந்தது காடு. பத்தடி தூரத்தில் துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தாலும் இலை மறைத்துவிடும். ஆகவே இலையையே இல்லாமல் செய்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். 1962-ம் ஆண்டு ஜனவரியில் ஆரம்பித்து 1971 ஜனவரி வரையில், பருத்த வயிறு கொண்ட சரக்கு விமானங்கள் தாழப் பறந்து காட்டின் மேலும், ஆற்றங்கரைகளின் மேலும், எதிரிக்குச் சோறு போடும் என்று சந்தேகப்பட்ட வயல்களின் மேலும் மருந்து தெளித்தன. 'ராஞ்ச் ஹாண்ட்' என்பது அந்த வேலைக்கு வைத்த பெயர். ஒன்பது ஆண்டுகளில் தெளித்த மருந்து ஏறக்குறைய 2 கோடி காலன். நம் கணக்கில் 7 கோடி லிட்டருக்கு மேல். காட்டுத் தீயைத் தடுக்கச் சொல்லி அமெரிக்காவில் ஒரு கரடிப் பொம்மையை வைத்து விளம்பரம் செய்வார்கள். அந்த விளம்பர வாசகத்தைத் திருப்பிப் போட்டு, காட்டையே தடுப்பது உங்களால்தான் முடியும் என்று அந்த விமானிகள் தங்கள் கூடாரத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். இளம் பிள்ளைகளின் வேடிக்கை. அன்று அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மருந்து 55 காலன் பிடிக்கிற இரும்பு டிரம்களில் வந்தது. உள்ளே இருப்பது இன்னது என்று தெரிய ஒவ்வொரு டிரம்மின் இடுப்பிலும் ஒரு வர்ணப் பட்டை தீட்டியிருக்கும். ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஆரஞ்சு என்று பல பட்டைகள். எல்லாவற்றிலும் அதிகமாகத் தெளிக்கப்பட்டது ஆரஞ்சுப் பட்டை போட்ட டிரம்மில் வந்த மருந்துதான். 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' என்று உலகம் அறிந்த பெயர் அந்தப் பட்டையால் வந்தது. மருந்தின் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டு களைக்கொல்லிகளைச் சரிபாதி கலந்த மருந்து அது. இரண்டும் அமெரிக்க விவசாயிகள் தங்கள் நிலத்தில் உபயோகித்து வந்தவையே. ஆனால் இரண்டில் ஒன்றைத் தயார் செய்யும்போது, சூடு சற்று மிஞ்சிவிட்டால், டையாக்ஸின் என்ற ஒரு விஷம் தானாக உண்டாகிவிடும். யாரும் அதை விரும்பிச் சேர்ப்பதில்லை, விற்பதற்காகவும் செய்வதில்லை. அடி பிடித்த பாலில் கருகல் வாசனை கலந்துவிடுகிற மாதிரி அது கலந்துவிடுகிறது. யுத்த அவசரத்தில் மேலும் மேலும் மருந்து கேட்டபோது, பாலைச் சிறு தீயில் காய்ச்சப் பொறுமை யாருக்கு இருக்கும்? மிக நுண்ணிய அளவிலேயே பிராணிகளைக் கொல்லக்கூடிய விஷம் அது. உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கிக்கொண்டு பல வருஷங்கள் குடியிருக்கும். அந்தக் களைக்கொல்லி சோதனைச்சாலைப் பிராணிகளின் கருவை ஊனப்படுத்துகிறது என்பது 1969-ல் வெளியாயிற்று. 1970 ஏப்ரலில் ஆரஞ்சு மருந்தை நிறுத்தினார்கள். மிஞ்சியிருந்த இருபது லட்சம் காலனுக்கு மேற்பட்ட சரக்கை 1977-ல் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு கப்பலில் வைத்து எரித்துச் சாம்பலாக்கினார்கள். ஊருக்குள் எரிக்க மனம் வரவில்லை.

சரக்கை எரித்துவிடலாம். ஆனால் அந்த யுத்த பூமியில் 26 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் சேவை செய்திருந்தார்கள். தெளித்த காட்டில் நடந்தவர்கள், அங்கே ஓடின தண்ணீரில் குளித்தவர்கள், காலி டிரம்களை வெட்டி அடுப்பாக்கி இறைச்சி சுட்டவர்கள் என்று பலவிதமானவர்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, வேலைக்குப் போய், குழந்தை பெற்று, ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து வியாதியில் விழுந்தார்கள்.

முதன்முதலில் இதைக் கணக்கெடுத்தவள் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. மாட் டிவிக்டர் என்ற கறுப்பினத்துப் பெண். முன்னாள் படைவீரர் இலாகாவின் சிக்காகோ ஆபீசில் மனுக்களைக் கவனிக்கிறவள். 1977-ல் ஒரு நாள் டெலிபோனில் ஒரு பெண் பேசினாள். அவள் புருஷன் வியட்நாமில் இருந்தவன், புற்றுநோயில் கிடந்தான். அங்கே தெளித்த ரசாயனத்தால்தான் தனக்கு இந்தக் கதி என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். கேட்டுவிட்டு மனுவை மடித்து வைத்திருக்கலாம். குமாஸ்தா உலகத்தில் அதுதான் வழக்கம். டிவிக்டர் அப்படிச் செய்யவில்லை. விமானப் படையில் இருந்த நிபுணர்களைக் கேட்டாள், புஸ்தகங்களைப் புரட்டினாள், வருகிற மனுதாரர்களை எல்லாம், 'நீங்கள் தெளிப்பு நடந்த இடத்தில் இருந்தீர்களா?' என்று கேட்டுக் குறித்து வைத்தாள். குறிப்பு வளர்ந்தது. மேலே இருந்தவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அவள் குறிப்பை ஒரு டெலிவிஷன் நிருபரிடம் சேர்ப்பித்துவிட்டாள். பில் கர்டிஸ் என்ற அந்த நிருபர் தயாரித்த படம் 1978 மார்ச்சில் சிக்காகோவில் ஒளிபரப்பாயிற்று. மறுநாளிலிருந்து இலாகாவின் டெலிபோன்களுக்கு ஓய்வில்லை.

அதே ஆண்டில் இன்னொருவன் டெலிவிஷனில் தோன்றினான். பால் ரூட்டர்ஷான் என்று பெயர். வியட்நாமில் ஹெலிகாப்டர் சிப்பந்தியாக இருந்தவன். வயிற்றில் புற்றுநோய். தான் வியட்நாமிலேயே செத்துப்போய்விட்டதாகவும், அது தனக்கே தெரியாமல் போய்விட்டதாகவும் அவன் தேசம் முழுவதும் கேட்கச் சொன்னான். 1978 டிசம்பரில் அவன் காலமானான். வயது 28. அவன் தொடுத்திருந்த வழக்கைச் சகாக்கள் எடுத்துக்கொண்டு, 1979-ல் எல்லாச் சிப்பாய்களின் சார்பிலும் ஒரே பெருவழக்காக நடத்தினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தெளிக்கச் சொன்னது சர்க்கார். வழக்கோ மருந்து செய்த கம்பெனிகளின் மேல். ஏன்? சேவையின்போது நேர்ந்த தீங்குக்காகச் சிப்பாய் தன் சர்க்காரின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1950-ல் ஃபெரெஸ் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே அந்தக் கதவு சாத்தியிருந்தது. கம்பெனிக்காரர்களோ, 'சர்க்கார் கேட்டது, சர்க்கார் சொன்ன பக்குவத்தில் செய்து கொடுத்தோம்' என்றார்கள். சர்க்காரைக் கேட்டால் கோர்ட்டு தடுக்கிறது. கம்பெனியைக் கேட்டால் அது சர்க்காரைக் கைகாட்டுகிறது.

1984-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி புரூக்ளின் நகரில் விசாரணை தொடங்க இருந்தது. அன்று விடியற்காலையில், நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் முன்னிலையில், ஏழு கம்பெனிகளும் 18 கோடி டாலர் கொடுத்து ராஜியாயின. கேட்கப் பெரிய தொகை. பங்கு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். முற்றும் முடமாகிப் போனவனுக்கு அதிகபட்சம் சுமார் 12,000 டாலர், அதுவும் தவணையில். கடைசியில் ஏறக்குறைய 52,000 பேர் பணம் பெற்றார்கள். சராசரி 3,800 டாலர். ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்து எழுந்தால் கரைந்துவிடுகிற பணம். ராஜிக்குச் சம்மதிக்காமல் தனியே நின்றவர்களின் வழக்கை நீதிபதி பிறகு தள்ளிவிட்டார். இந்த மருந்துதான் இந்த மனிதனுக்கு இந்த வியாதியை உண்டாக்கியது என்பதற்கு ருசு இல்லை என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தவறு சொல்லிவிட முடியாது. புற்றுநோய்க் கட்டியில் யாரும் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை.

மிஞ்சியது ஒரே வழி: இலாகாவுக்கு மனுப்போட்டு ஊன பென்ஷன் கேட்பது. அந்த வழியின் லட்சணத்தைச் சொல்கிறேன். 1864-ல், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சட்டம் செய்தார்கள். படைவீரனின் மனுவை எடுத்து நடத்தும் வக்கீல் பத்து டாலருக்கு மேல் வாங்கக்கூடாது. சிப்பாய் பணத்தை வக்கீல் விழுங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பத்து டாலர் பத்து டாலராகவே இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளான பட்டாளத்துக்காரர்கள் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுவரை போனார்கள். 1985-ல் கோர்ட்டு அந்த வரம்பு செல்லும் என்றது. பத்து டாலருக்கு எந்த வக்கீல் வருவான்? போதாததற்கு, ஒருவனுடைய மனுவில் இலாகா சொன்ன முடிவை எந்தக் கோர்ட்டும் தொடக்கூடாது என்றும் இருந்தது. இரண்டும் 1988-ல்தான் மாறின. அதுவரையில் மனுவை வாங்குகிறவனும் விசாரிக்கிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் ஒரே இலாகா.

அந்த இலாகா 1985-ல் ஒரு விதி எழுதியது. டையாக்ஸினால் வரும் என்று தான் ஒப்புக்கொள்ளும் வியாதி ஒன்றே ஒன்று: குளோர் ஆக்னி என்ற ஒருவகைத் தோல் பரு. புற்றுநோய்களுக்கும் மற்றவற்றுக்கும் காரண காரிய சம்பந்தம் ருசுவாகவில்லை. ஆகவே பென்ஷன் இல்லை. நிணநீர்ச் சுரப்பியில் கட்டி வந்து சாகிறவனிடம், முகத்தில் பரு இருந்தால் காட்டு என்பது போல இருந்தது அந்த விதி.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருந்தார். பனிமலைப் பக்கத்தில் பல வருஷம் காவல் இருந்தவர். மூச்சுக் குழலில் வியாதி. அவருக்காக நான் இரண்டு மூன்று மனுக்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மனுவுக்கு, இந்த வியாதி சேவையினால் ஏற்பட்டது என்பதற்கு ஆதாரங்களை இணைக்கவும் என்று பதில் வந்தது. படித்துக் காட்டினேன். தகரப் பெட்டியைத் திறந்து எல்லாக் காகிதங்களையும் கட்டிலில் பரப்பினார். பதக்கம் கொடுத்த சீட்டு இருந்தது; ரயில் பாஸ் இருந்தது. வியாதிக்குச் சீட்டு இல்லை.

"ஆதாரம் எல்லாம் அவங்க ஆபீஸ்லதானே தம்பி இருக்கும்? எந்த மலையில எத்தனை நாள் நின்னேன், எப்ப காய்ச்சல்ல விழுந்தேன்னு எழுதிக்கிட்டது அவங்கதான். ரிஜிஸ்தரை நான் வீட்டுக்கு எடுத்துக்கிட்டா வந்தேன்?" என்றார்.

சட்டம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அமெரிக்கச் சிப்பாயின் நிலையும் இதுவே. எந்தத் தேதியில் எந்த ஆற்றங்கரையில் எத்தனை காலன் விழுந்தது என்ற கணக்கு விமானப் படையிடம் இருந்தது. எந்தக் கம்பெனி எந்த நாளில் எங்கே முகாமிட்டது என்ற கணக்கு தரைப் படையிடம் இருந்தது. அவனிடம் இருந்தது அவன் உடம்பு ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், கணக்கு வைத்திருந்த சர்க்காருக்கே அது உதவவில்லை. யார் யார்மேல் எவ்வளவு மருந்து பட்டது என்று ஆராய்ந்து சொல்லும்படி அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிலையத்தைக் கேட்டிருந்தார்கள். ராணுவப் பதிவேடுகளை வைத்து அதைக் கண்டுபிடிக்க இயலாது என்று சொல்லி 1987-ல் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பதிவேடும் சம்பளக்காரர்களும் விஞ்ஞானிகளும் கையில் இருக்கிற சர்க்காருக்கே ருசுப்படுத்த முடியாத ஒன்றை, படுக்கையில் கிடக்கிறவன் ருசுப்படுத்த வேண்டும்! அந்தப் பதிவேடுகளை வைத்தே அது ஓரளவு சாத்தியம் என்று ஜீன் ஸ்டெல்மான் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவும் 2003-ல் காட்டினார்கள். அதற்குள் எத்தனையோ மனுதாரர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இந்தக் கதையில் ஒரு தகப்பனும் மகனும் வருகிறார்கள் என்று சொன்னேனே, அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்மிரல் எல்மோ ஜும்வால்ட், 1968 முதல் 1970 வரையில் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவர். மேகாங் ஆற்றின் குறுகிய கால்வாய்களில் அவருடைய சிறு படகுகள் ரோந்து போகும். இரு கரையிலும் புதர். புதரிலிருந்து குண்டு வரும். பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கரைகளில் மருந்தைத் தெளிக்கச் சொல்லி அட்மிரல் உத்தரவிட்டார். இலை உதிர்ந்தது, ஒளிய இடம் இல்லை, சாவு வெகுவாகக் குறைந்தது. அந்தப் படகுகளில் ஒன்றுக்குத் தலைவனாக இருந்தவன் அவருடைய மூத்த மகன். தகப்பன் பெயரே மகனுக்கும்.

மகன் திரும்பி வந்து வக்கீலானான். 1983-ல் அவனுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்து ஹாட்ஜ்கின் நோய் என்ற இன்னொரு புற்றுநோய். அவனுடைய மகன், அட்மிரலின் பேரன், புலன்கள் ஒத்துழைக்காத குறையோடு பிறந்திருந்தான். தகப்பனும் மகனும் சேர்ந்து 1986-ல் ஒரு புஸ்தகம் எழுதினார்கள். மகன் தகப்பனைக் குறை சொல்லவில்லை. தகப்பனும், அன்று இருந்த நிலையில் அந்த உத்தரவு அநேகம் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியது, மறுபடியும் அதே நிலை வந்தால் அப்படியே செய்வேன் என்றுதான் சொன்னார். 1988 ஆகஸ்டில் மகன் இறந்தான்; வயது 42.

கதை எழுதுகிறவன் இந்த இடத்தில் கிழவரை அழவைப்பான், அல்லது பைத்தியமாக்குவான். உண்மையான கிழவர் அப்படிச் செய்யவில்லை. இலாகாவின் காரியதரிசி எட்வர்ட் டெர்வின்ஸ்கி அவரைச் சம்பளமில்லாத ஆலோசகராக அழைத்தார். அட்மிரல் உட்கார்ந்து அதுவரை வந்திருந்த ஆராய்ச்சிகளையெல்லாம் படித்தார். நிபுணர்களை அழைத்து விசாரித்தார். 1990 மே மாதம் அறிக்கை கொடுத்தார். சர்க்கார் செய்வித்த ஆராய்ச்சிகள் நேர்மையாக நடக்கவில்லை, சந்தேகத்தின் பலனைச் சிப்பாய்க்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லி, பென்ஷனுக்குரியவை என்று இருபதுக்கு மேற்பட்ட வியாதிகளை அதில் வரிசைப்படுத்தினார். உத்தரவு போட்ட கையே அந்த அறிக்கையையும் எழுதியது. உத்தரவை அவர் மறுக்கவில்லை. அதன் விலையை யார் கொடுப்பது என்பதில்தான் கணக்குத் தீர்க்கப் பார்த்தார். இதைவிடப் பெரிய பிராயச்சித்தம் எனக்குத் தெரியாது.

இதற்கு முந்தின வருஷமே கோர்ட்டிலும் காற்று திரும்பியிருந்தது. தனி ஒருவனின் மனு முடிவைத் தொட முடியாவிட்டாலும், இலாகா எழுதின விதியே சட்டத்துக்கு விரோதம் என்று சொல்ல இடம் இருந்தது. 1986-ல் தொடுத்த நெமர் வழக்கில், நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் 1989 மே மாதம் அப்படியே சொன்னார். காரண காரியம் முழுதும் ருசுவாக வேண்டும் என்று இலாகா கேட்டது தவறு. இந்த மருந்துக்கு ஆளானவர்களிடையே இந்த வியாதி கணிசமாக அதிகம் காணப்படுகிறதா என்று பார்த்தால் போதும் என்றார். 1985-ம் வருஷத்து விதியும், அதன்கீழ் தள்ளப்பட்ட மனுக்களின் முடிவும் அடிபட்டுப் போயின.

1991 பிப்ரவரி 6-ந் தேதி ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டு ஏஜெண்ட் ஆரஞ்ச் சட்டம் வந்தது. அதன் உயிர் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது: அனுமானம். 1962 ஜனவரி 9-ந் தேதிக்கும் 1975 மே 7-ந் தேதிக்கும் இடையில் வியட்நாமில் சேவை செய்தவன் மருந்துக்கு ஆளானவன் என்றே அனுமானிக்க வேண்டும். பட்டியலில் உள்ள வியாதி அவனுக்கு வந்தால் அது சேவையால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று காட்டுவது சர்க்காரின் வேலை. ருசுவின் பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிற்று. பட்டியலை இலாகா தன்னிஷ்டப்படி எழுதாமல், தேசிய விஞ்ஞானக் கழகம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

பட்டியல் வளர்ந்தது. 1996-ல் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோய். அதே ஆண்டில் செய்த ஒரு சட்டத்தின்படி, முதுகெலும்பு பிளந்த நிலையில் பிறந்த சிப்பாய்களின் குழந்தைகளுக்கும் உதவி. 2001-ல் நீரிழிவு. 2010-ல் இருதய ரத்தக்குழாய் அடைப்பும், பார்க்கின்ஸன் என்ற நடுக்குவாதமும். 2022-ல் ரத்தக் கொதிப்பு.

இதற்கு ஆட்சேபம் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அறுபது வயதில் நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் யாருக்குத்தான் வரவில்லை? வியட்நாமை வரைபடத்தில்கூடப் பார்க்காதவனுக்கும் வருகிறது. அனுமானம் என்று ஆரம்பித்தால், மருந்தே படாதவனும் பென்ஷன் வாங்குவான் அல்லவா? வாங்குவான், சந்தேகமில்லை. ஆனால் நிச்சயமாகத் தெரியாத காரியத்தில் எந்த விதி செய்தாலும் ஒரு பக்கம் தவறு நேர்ந்தே தீரும். தகுதியில்லாத ஒருவன் பணம் பெறுவது ஒரு தவறு. தகுதியுள்ள ஒருவன் கையை விரித்துக்கொண்டு சாவது இன்னொரு தவறு. முதல் தவறைக் கஜானா தாங்கும். இரண்டாவது தவறை ஒரு குடும்பம் தாங்க வேண்டும். அவனைக் காட்டுக்குள் அனுப்பியவர்கள் எந்தத் தவறைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கு விஞ்ஞானம் வேண்டியதில்லை.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 'வியட்நாமில் சேவை' என்றால் என்ன? 2002-ல் இலாகா ஒரு புது வியாக்கியானம் செய்தது. காலை மண்ணில் வைத்திருக்க வேண்டும். கரைக்கு அப்பால் கப்பலிலேயே இருந்தவன் வியட்நாமில் இருந்தவன் ஆகமாட்டான். அந்தக் கப்பல்கள் கடல் நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கிக்கொண்டவை. ஆற்று முகத்துவாரத்தில் வந்து கலந்த விஷம், காய்ச்சி வடிக்கும்போது நீங்குவதற்குப் பதிலாகச் செறிவாகிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதே 2002-ல் சோதித்துச் சொன்னார்கள். இருந்தும் 2008-ல் மேல்முறையீட்டுக் கோர்ட்டு இலாகாவின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் அதே கோர்ட்டு தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. அந்த ஜூனில் கரையிலிருந்து 12 கடல் மைல்வரை கணக்கில் சேர்த்து ஒரு சட்டமும் வந்தது. யுத்தம் முடிந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது வயதில் கப்பலேறினவன் எழுபதைத் தாண்டியிருந்தான்.

இந்த அனுபவத்தினால் பின்னால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் லாபம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அமெரிக்க முகாம்களின் குப்பைகளை, பிளாஸ்டிக், பெயிண்டு, பாட்டரி, ஆஸ்பத்திரிக் கழிவு எல்லாவற்றையும், பெருங்குழிகளில் போட்டு எரித்தார்கள். புகையை மூச்சாக விட்ட சிப்பாய்கள் நுரையீரல் வியாதியோடு திரும்பினார்கள். அவர்களிடமும் முதலில் ருசுதான் கேட்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 10-ந் தேதி வந்த சட்டம் அவர்களுக்கும் அனுமானத்தை வழங்கியது.

நமக்கும் இதில் சம்பந்தம் இல்லாமல் இல்லை. 1930-களிலும் இரண்டாம் உலக யுத்த காலத்திலும், ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் ராணுவ விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களின்மேல் கடுகு வாயுவைச் சோதித்தார்கள் என்பது 2007-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அவர்களுக்குப் பிற்காலத்தில் என்ன வியாதி வந்தது என்று யாரும் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. எந்த ஊரில், எந்தத் திண்ணையில் அவர்கள் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ! சுதந்திர இந்தியாவில், சேரும்போது ஆரோக்கியமானவன் என்று பதிவான ஒரு சிப்பாய் பிறகு வியாதியால் வெளியேற்றப்பட்டால், அது சேவையால் வந்தது என்றே கொள்ள வேண்டும், அல்ல என்று காட்டுவது சர்க்காரின் பொறுப்பு என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொல்லியது. கோர்ட்டு சொன்னதை ஒவ்வொரு ஆபீஸ் மேஜையும் கேட்டுக்கொண்டதா என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கூட்டம் பாக்கி இருக்கிறது. மருந்து விழுந்த ஊரின் ஜனங்கள். அமெரிக்கச் சிப்பாய் அங்கே ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பினான். அவர்கள் அங்கேயே உழுதார்கள். அந்தக் குளத்து மீனைத் தின்றார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள். 2004-ல் வியட்நாமியர்கள் அமெரிக்கக் கோர்ட்டில் கம்பெனிகளின்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு வந்து சேர்ந்தது அதே புரூக்ளினில், அதே வைன்ஸ்டைனிடம். அவருக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். அந்தத் தெளிப்பு அன்றைய சர்வதேசச் சட்டத்துக்கு விரோதமல்ல என்று 2005-ல் வழக்கைத் தள்ளினார். மேல் கோர்ட்டு 2008-ல் அதை ஆமோதித்தது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டிரம்களை அடுக்கி வைத்திருந்த டா நாங் விமானத் தளத்தின் மண்ணை 2012 முதல் 2018 வரையில் அமெரிக்கச் செலவில் தோண்டி எடுத்து, பெரிய அடுப்பு போல் கட்டிச் சுட்டு, விஷத்தை எரித்தார்கள். தெளிப்பு நடந்த பிரதேசங்களில் ஊனமுற்றவர்களுக்கும் அமெரிக்கா பணம் கொடுத்திருக்கிறது. கொடுத்தபோது தஸ்தாவேஜில் ஒரு வாசகம் சேர்த்தார்கள்: ஊனத்துக்குக் காரணம் எதுவாயிருந்தாலும். தயாளமான வாசகம் போலத் தோன்றும். காரணம் எதுவாயிருந்தாலும் என்று எழுதிவிட்டால், காரணம் இன்னது என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

டா நாங் மண்ணைச் சுடுவதற்கு முன்னால் அதைப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். விஷம் இருந்தது. மண் எந்த மனுவும் எழுதவில்லை. எந்தச் சாட்சியையும் அழைத்து வரவில்லை. அதன் வார்த்தையை உடனே நம்பினார்கள். அதே மண்ணில் நடந்த மனிதர்களைத்தான் நம்ப மனம் வரவில்லை.